விலை இல்லை

நவம்பர் 4, திங்கள்

தம்பி சங்கரன் சொன்னபடி இன்னைக்கு ஆரம்பிச்சாச்சு. காலேஜ் கெமிஸ்ட்ரி லேபிலிருந்து ரிட்டயர் ஆனப்போ கையோட கொண்டுவந்த ரெக்கார்டு நோட்டு ஒண்ணு காலியா கிடந்தது, அதுலதான் எழுதுதேன். முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளுக்கு ஆசிட் அளந்து ஊத்தின கை. காசு எடை போட என்னை விட்டா இந்த வீட்டுல ஆள் கிடையாது. இந்த வீட்டுல வேற ஆளே கிடையாதுங்கது வேற விஷயம்.

அப்பா போய் எழுபத்திரண்டு நாள். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச அன்னைக்கே தம்பி ஓசூருக்கும், தங்கச்சி பகவதி புனேவுக்கும் ரயில் ஏறிட்டாங்க. அப்புறம் சங்கரன் ஒரே ஒரு தடவை கூப்பிட்டான், டெத் சர்டிபிகேட்டுக்காக. பகவதி வாட்ஸப்ல தினம் ஒரு பூப்படம் போட்டு காலை வணக்கம் சொல்லுதா. பூவுக்கு என்னத்தைப் பதில் சொல்ல? நானும் ஒரு பூ அனுப்புதேன்.

நேத்து அப்பாவோட இரும்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வெள்ளிக்காசு. எண்பத்துநாலு. விஷயத்தை ஒரு வரி எழுதிப் போட்டேன். பத்து நிமிஷத்துல ரெண்டு பேரும் கூப்பிட்டுட்டாங்க. ஏயப்பா!

"யக்கா, ஒவ்வொரு காசா எடுத்து, என்ன வருஷம், என்ன எடை, எவ்வளவு பெறும்னு நோட்டுல எழுதிக்கிட்டே வா. எழுதி முடிச்சதும் நாங்க வந்து பிரிச்சுக்கிடலாம்"னு சங்கரன் சொன்னான்.

எங்க வீட்டுப் பழக்கம் ஒண்ணு உண்டு. எதைப் பிரிச்சாலும் மூத்தது கூறு வைக்கணும், கடைக்குட்டி முதல்ல எடுக்கணும். வாழைத்தாரானாலும் வயக்காடானாலும் இதுதான் சட்டம். கூறு வைக்கவளுக்குக் கடைசியா மிஞ்சினதுதான். அதனால நான் மதிப்புல கோட்டை விட்டா நஷ்டம் என் தலையிலதான். ஒழுங்காப் பாக்கணும்.

நவம்பர் 6, புதன்

ஆன்லைன்ல வாங்கின குட்டித் தராசு வந்தது. தீப்பெட்டி மாதிரி இருந்தாலும் சரியாத்தான் காட்டுது.

அப்பா ரயில்வேயில ஸ்டேஷன் மாஸ்டர். மாத்தலாகிப் போன ஊர்ல எல்லாம் காசு வாங்கியிருக்காங்க. ஒவ்வொரு காசையும் சின்னச் சுருக்குப்பையில போட்டு, கூடவே ஒரு பழைய அட்டை டிக்கெட். டிக்கெட் முதுகுல பொடி எழுத்துல வருஷம், வாங்கின ஊர், கொடுத்த விலை. "1917. தென்காசி. ரூ. 6." "1903. அம்பாசமுத்திரம். ரூ. 9." மனுஷன் பெத்த பிள்ளைக பிறந்த தேதியைக் கூட இவ்வளவு பத்திரமா எழுதி வைக்கலை.

பிரிட்டிஷ்காரன் ரூபா எல்லாம் ஒரே எடைதான், பதினொண்ணே முக்கால் கிராமுக்குக் கொஞ்சம் குறைச்சல். ஆனா நாப்பதாம் வருஷத்துலேர்ந்து அடிச்சதுல பாதிதான் வெள்ளி. எடையை மட்டும் நம்புறவன் ஏமாளி. நூல்ல கட்டித் தண்ணிக்குள்ள தொங்கவிட்டும் எடை பாத்தேன், கலப்பு இருந்தா அதுல தெரிஞ்சுரும். இன்னைக்கு ஆறு காசு.

காலையில பதினோரு மணிக்கு சங்கரன் கூப்பிட்டான். "எத்தனை முடிஞ்சுது?"ன்னு கேட்டான். வேலை நேரத்துல கூப்பிடுதானே, கம்பெனியில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா? பின்னால கிளாஸ் கழுவுற சத்தம் கேட்டது. கேன்டீன்ல இருந்திருப்பான்.

நவம்பர் 9, சனி

டவுன்ல பழைய காசு வாங்கி விக்கிற மைதீன் பாயை வீட்டுக்கு வரச் சொல்லியிருந்தேன். வந்தார். என்னை "டீச்சரம்மா"ன்னார். "நான் டீச்சர் இல்லை, லேப் அசிஸ்டன்ட்"ன்னேன். "சரி டீச்சரம்மா"ன்னார்.

காசுகளைப் பாத்ததும் முகம் மலர்ந்துபோச்சு. "உங்க வாப்பா அறிவாளி. ஒண்ணைக்கூடத் தேய்க்கலை பாருங்க. இந்தக் கறுப்புக்குத்தாம்மா மதிப்பு. நம்ம சனங்க வெள்ளியக் கண்டாப் போதும், உங்க ஆளுக திருநீறைப் போட்டுத் தேச்சிருவாங்க, எங்க ஆளுக அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேச்சிருவாங்க. தேச்ச காசு வெள்ளி எடைக்குத்தான் போகும்."

அது எனக்குத் தெரியாதா? அம்மா ஒரு தடவை குத்துவிளக்கைத் தேய்க்கும்போது கூடவே ரெண்டு காசையும் சேத்துப் பளபளன்னு ஆக்கி வச்சா. அப்பா ரெண்டு நாள் பேசலை. அப்புறம் அம்மா இருந்தவரைக்கும் பெட்டிப் பக்கம் திருநீறு போகலை. எனக்குப் பதினஞ்சு வயசுல அம்மா போயிட்டா.

பாய்க்கு காபி கொடுத்தேன். அப்பா போனபிறகு ரெண்டு டம்ளர் கழுவினது இன்னைக்குத்தான்.

நவம்பர் 12, செவ்வாய்

பெட்டியோட அடித்தட்டுல, வெல்வெட் துணிக்குக் கீழே தனியா ஒரு பை. உள்ளே ஆறாம் ஜார்ஜ் ரூபா. வருஷம் 1939.

முப்பத்தொன்பதாம் வருஷ ரூபா அபூர்வம்னு காசு பாக்கிற யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அப்பா என் சின்ன வயசு பூரா அதைத்தான் தேடினாங்க. சோத்துல கை வச்சுக்கிட்டே "முப்பத்தொன்பது மட்டும் கிடைச்சா"ன்னு ஆரம்பிப்பாங்க. கிடைச்சிருக்கு, பாருங்களேன்! டிக்கெட் முதுகுல எழுதியிருக்கு: "1939. கல்லிடைக்குறிச்சி. விலை இல்லை."

எண்பத்துமூணு டிக்கெட்லயும் விலை போட்ட மனுஷன் இதுல மட்டும் விலை இல்லைன்னு எழுதியிருக்காங்க. சங்கரன்கிட்ட படிச்சுக் காட்டினேன். அவன் இன்னொரு தடவை படிக்கச் சொன்னான். படிச்சேன். அப்புறம் "நல்லாப் பாருக்கா. அவசரப்படாம நல்லாப் பாரு"ன்னான்.

பகவதி குதிச்சா. "விலை மதிக்க முடியாததுன்னுதானக்கா அப்பா எழுதியிருக்காங்க! லட்சக்கணக்குல போகுமாம், இவங்க பாத்துச் சொன்னாங்க." நான் "விலையில்லா மிக்சி, விலையில்லா சைக்கிள்னு கொடுக்காங்களே, அப்படியும் இருக்கலாம்லா"ன்னேன். ரெண்டு பேரும் சிரிச்சோம். அவகூட நான் இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷம் ஆச்சோ.

கல்லிடையில இருந்த காலத்துல ஒரு நாள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. அம்மா போன மறுவருஷம். அப்பா யார்கிட்டயும் பேசாம கிடந்தாங்க. திடீர்னு ஒருநாள் ஸ்டேஷன்ல போர்ட்டர் வரைக்கும் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தாங்க. அன்னைக்குத்தான் இந்தக் காசு கிடைச்சிருக்கணும்.

நவம்பர் 19, செவ்வாய்

இப்பெல்லாம் தினம் பதினோரு மணிக்கு சங்கரன். சாயங்காலம் ஆறரைக்கு பகவதி. ரெண்டு நிமிஷம் காசு, மிச்சம் எல்லாம் ஊர்க்கதை. பகவதி வீடியோவுல அவ அடுக்களையைக் காட்டினா. தேங்காயைத் துருவுறதுக்குள்ள கை வலிக்குதாம். "ஏட்டி, பால் எடுக்கத்தான, மிக்சியில போட்டு அடி"ன்னேன். சங்கரன் பொண்டாட்டி சாந்தா மகளுக்குப் பிரசவம் பாக்க பெங்களூரு போய் மாசக்கணக்காச்சாம். தானே பொங்கித் திங்கானாம். "என்ன பொங்கின?"ன்னு கேட்டா தினம் தயிர்சாதம்ங்கான். கோட்டிக்காரப் பய.

பதினோரு மணிக்கு முன்னாலேயே குளிச்சுச் சேலை மாத்திட்டு போன் பக்கத்துல உக்காந்திருக்கேன். சேலை எதுக்கு மாத்தணும்னு எனக்கே தெரியலை. அவன் வீடியோவுல கூட வரமாட்டான்.

நவம்பர் 24, ஞாயிறு

லேப்ல உபயோகிச்ச லென்ஸ் பரண்ல இருந்தது. அதை வச்சு முப்பத்தொன்பதைப் பாத்தேன்.

மத்த காசெல்லாம் கறுத்துப்போய் இருக்கு. இது மட்டும் வெளுப்பு. வருஷத்துல கடைசி நம்பரோட இடுக்குல வெள்ளையா என்னவோ அப்பியிருந்தது. குண்டூசியால நெம்பி எடுத்தேன். வெள்ளி உப்பா, சுண்ணாம்பான்னு தெரியலை. லேப்ல எதையும் நாக்குல வைக்கக்கூடாதுன்னு முப்பத்தாறு வருஷம் பிள்ளைகளைத் திட்டினவ நான். விரல் நுனியில எடுத்து நாக்குல வச்சேன்.

திருநீறு.

அது போன இடத்துல அரத்தால ராவின கோடு தெரிஞ்சது. அது ஒன்பது இல்லை. எட்டு. எட்டோட கீழ்ச்சுழியில இடது பக்கத்தை ராவி எடுத்து ஒன்பது ஆக்கியிருக்கு. ராவின தடம் தெரியாம இருக்கத் திருநீறு போட்டுத் தேச்சிருக்கு. கல்லிடைக்கு வரும்போது அம்மா உயிரோட இல்லை. அந்தப் பெட்டிச் சாவி அப்பா இடுப்பை விட்டு இறங்கினதே இல்லை.

நவம்பர் 25, திங்கள்

எழுத ஒண்ணும் இல்லை.

நவம்பர் 26, செவ்வாய்

பதினோரு மணிக்கு சங்கரன். "என்னக்கா, முப்பத்தொன்பதை நல்லாப் பாத்தியா?"ன்னான். சொல்லிடணும்னுதான் வாயைத் திறந்தேன். "மதுரையில ஒருத்தர்கிட்ட காட்டணும்"னு வந்தது.

"காட்டு, காட்டு. நிதானமாக் காட்டு"ன்னான்.

மதுரையில எனக்கு யாரையும் தெரியாது.

டிசம்பர் 3, செவ்வாய்

மதுரைக்காரருக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னேன். இல்லாத மனுஷனுக்குக் காய்ச்சல் வந்த கதை இதுதான். பகவதி "பாவம், என்ன வயசு?"ன்னு கேட்டா. "எழுபது இருக்கும்"னேன். பொய்யிலயும் ஒரு ஒழுங்கு வேணும்லா.

நான் இதை அப்பாவுக்காகத்தான் மறைக்கேன். ஸ்டேஷன் மாஸ்டர் நமசிவாயம்னா ஒரு பைசா கை நீட்டாதவர்னு ஊரெல்லாம் பேரு. அவங்க கள்ளக்காசு செஞ்சு வெல்வெட்டுக்குக் கீழே வச்சாங்கன்னு நான் எந்த வாயால சொல்ல? செத்தவங்களைச் சந்திக்கு இழுக்க எனக்கு மனசு வரலை. வேற காரணம் ஒண்ணும் கிடையாது.

டிசம்பர் 13, வெள்ளி

திருக்கார்த்திகை. விடாத மழை. வாசல்ல வச்ச விளக்கு ஒண்ணும் நிக்கலை. உள்ளே கொண்டுவந்து காசுப் பெட்டியைச் சுத்தி வச்சேன். கொழுக்கட்டை பன்னிரண்டு அவிச்சேன். ரெண்டு தின்னேன். பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம்னு போனா பூட்டிக் கிடக்கு. மிச்சத்தைக் காக்காய்க்கு வச்சேன். மழையில காக்காயும் வரலை.

சங்கரன் கூப்பிட்டப்போ அங்கேயும் மழைச் சத்தம். தகரத்துல விழுற மழை. "எங்கலே இருக்க?"ன்னேன். "கம்பெனி ஷெட்டுல"ன்னான். யாரோ "அண்ணே, டீ ஆறுது"ன்னாங்க.

டிசம்பர் 17, செவ்வாய்

மைதீன் பாய் தானே வந்தார், மழையில ஒதுங்கினாராம். பேச்சுவாக்குல சொல்லுதார்: "டீச்சரம்மா, முப்பத்தொன்பதுன்னு எவனாவது கொண்டுவந்தா வாங்கிராதீங்க. முப்பத்தெட்டை ராவி முப்பத்தொன்பது ஆக்கித் தள்ளிருவானுக." நான் அவர் முகத்தைப் பாக்காமலே தலையை ஆட்டினேன். பாய்கிட்ட மத்த எண்பத்துமூணையும் காட்டியாச்சு, அதை மட்டும் காட்டலை.

அவர் போனபிறகு அப்பா போட்டோ முன்னாடி போய் நின்னேன். "ஏன் இப்படிச் செஞ்சீங்க?"ன்னு சத்தமாவே கேட்டேன். தேடித் தேடிக் கிடைக்காம, தனக்குத்தானே செஞ்சுக்கிட்டாங்களோ? விலை இல்லைன்னா அப்போ செல்லாக்காசுன்னுதான் அர்த்தம். தன்னை ஏமாத்தலாம், டிக்கெட்டை ஏமாத்த மனசு வரலை போல. பாவமாத்தான் இருந்தது. கோவமும் வந்தது. எனக்கு வந்த ரெண்டு வரனையும் "இப்போ வேண்டாம், தம்பி தங்கச்சி வளரட்டும்"னு திருப்பி அனுப்பின மனுஷன். நான் அவங்க வார்த்தையில ஒரு எழுத்தைக்கூட ராவிப் பாத்ததில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

பகவதி போன். "அக்கா, மதுரைக்காரர் எழுந்திரிச்சா எழுந்திரிக்கட்டும். நாங்க பொங்கலுக்கு வாரோம், டிக்கெட் போட்டாச்சு. அண்ணனும் வாரான். கூறு வச்சிரு."

வாராங்க. ரெண்டு பேரும் வாராங்க! அடுக்களைக்கும் வாசலுக்கும் நாலு தடவை நடந்தேன். பிறகுதான் முப்பத்தொன்பது ஞாபகம் வந்தது.

ஜனவரி 11, சனி

மூணு கூறு வச்சுப் பாக்கேன், கலைக்கேன். உள்ளதைச் சொல்லி வச்சா முப்பத்தொன்பதுக்கு வெள்ளி விலைதான். சொல்லாம வச்சா அதை எடுக்கறவங்க ஏமாந்துபோவாங்க.

கடைசியா ஒரு வழி கண்டுபிடிச்சேன். நல்ல காசு எல்லாத்தையும், பாய் கண்ணு வச்ச விக்டோரியா ராணி காசு மொத்தத்தையும், முதல் ரெண்டு கூறுல அள்ளிப் போட்டாச்சு. மூணாவது கூறுல முப்பத்தொன்பதும் தேய்ஞ்சுபோன நாப்பத்தஞ்சாம் வருஷக் காசு நாலும். பாத்தாலே முதல் ரெண்டுதான் மலை மாதிரி தெரியும். ரெண்டு பேரும் மலையை எடுத்துட்டுப் போகட்டும், மிஞ்சினது எனக்கு. பொய்யோட கூலி எனக்கே வந்து சேரும், யாருக்கும் நஷ்டமில்லை.

சொதிக் குழம்புக்குத் தேங்காய் சொல்லியாச்சு. இஞ்சித் துவையலும் வைக்கணும், சங்கரனுக்கு அது இல்லாம சொதி இறங்காது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வீட்டுல நாலு செருப்பு ஜோடி. எழுத நேரமில்லை.

ஜனவரி 16, வியாழன்

எல்லாத்தையும் எழுதிடணும்.

சாப்பாடு முடிஞ்சு கூடத்துல பாய் விரிச்சு மூணு கூறையும் வச்சேன். பகவதியும் அவ வீட்டுக்காரரும் ஒரு பக்கம், சங்கரன் சுவத்துல சாஞ்சு ஒரு பக்கம். ஆளு மெலிஞ்சு போயிருக்கான். வந்த நாள்லேர்ந்து மூணு வேளையும் மறுசோறு கேட்டு வாங்கித் திங்கான்.

"கடைக்குட்டி எடுட்டி"ன்னேன்.

பகவதி மலையைப் பாக்கவே இல்லை. வீட்டுக்காரர் முகத்தை ஒரு தடவை பாத்தா. நேரா மூணாவது கூறு மேல கையை வச்சா.

பன்னிரண்டு வயசு வரைக்கும் என் மடியில படுத்துத் தூங்கின பிள்ளை. அவளை ஏமாத்தி அனுப்பிட்டு நான் யார்கூடப் பேசிச் சிரிக்க? சொல்லிடணும், இப்போ சொல்லிடணும்னு வாயெடுக்கேன். அதுக்குள்ள சங்கரன் குரல்.

"பகவதி, அதை எடுக்காத. அது செல்லாது."

"என்னண்ணே சொல்லுத?"

"அது முப்பத்தெட்டு. நான்தான் ராவினேன்."

அவன் தரையைப் பாத்துக்கிட்டே சொன்னான். "அம்மா போனபிறகு அப்பா பேச்சையே விட்டுட்டாங்கல்லா. வாயைத் திறந்தா அந்த முப்பத்தொன்பது மட்டும்தான். அது கிடைச்சா அப்பா பழையபடி ஆயிருவாங்கன்னு நினைச்சேன். எனக்குப் பன்னிரண்டு வயசு. அப்பா குளிக்கப் போனப்போ சாவியை எடுத்து, பெட்டியிலேர்ந்து ஒரு முப்பத்தெட்டை எடுத்தேன். சிக்னல் ரிப்பேர் பாக்கிற அண்ணன்கிட்ட சின்ன அரம் வாங்கினேன். ராவின இடம் பளிச்சுன்னு தெரிஞ்சுது. சாமி மாடத்துலேர்ந்து திருநீறு எடுத்துக் காசு பூராத் தேச்சேன். ஸ்கூல்ல ஒருத்தன்கிட்ட பம்பரம் கொடுத்து மாத்தினேன்னு அப்பாகிட்ட நீட்டினேன். லென்ஸ் வச்சுப் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அப்புறம் என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. அன்னைக்குத்தான் ஸ்டேஷன் பூரா அல்வா. அன்னைக்கு ராத்திரி என்கிட்ட பேசினாங்க, விடாம பேசினாங்க. கடைசி வரைக்கும் நம்பிட்டாங்கன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன்."

நான் எழுந்துபோய் டிக்கெட்டை எடுத்துவந்து அவன் கையில கொடுத்தேன். "நம்பலைலே. பெட்டியில ஒரு முப்பத்தெட்டு குறைஞ்சது அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? விலை கொடுத்து வாங்கினதுக்கெல்லாம் விலை போட்டிருக்காங்க. இது நீ கொடுத்தது. அதான் விலை இல்லை."

அம்பத்தஞ்சு வயசு ஆம்பிளை, டிக்கெட்டை நெத்தியில வச்சுக்கிட்டு அழுதான். பகவதியும் அழுதா. எனக்கு அப்பாகிட்ட மன்னிப்புக் கேக்கணும் போல இருந்தது. போட்டோவைப் பாத்து மனசுக்குள்ள கேட்டுக்கிட்டேன்.

பகவதிக்குத்தான் முதல்ல தெளிஞ்சுது. "அப்போ ரெண்டு மாசமா அக்கா என்னத்தைப் பாத்தா? அந்த மதுரைக்காரர்?"

"அக்காவுக்கு எப்படித் தெரியும், அதெல்லாம் கண்டுபிடிக்கக் கஷ்டம்"னு சங்கரன் அவசரமாச் சொன்னான். சொல்லிட்டு ஜன்னல் ஓரத்துல இருந்த லென்ஸைப் பாத்தான், என்னையும் பாத்தான்.

போதும்னு ஆயிடுச்சு எனக்கு. "எனக்குத் தெரியும். நவம்பர் மாசமே தெரியும். மதுரையில ஒருத்தரும் கிடையாது. சொன்னா நீங்க ரெண்டு பேரும் போன் பண்ண மாட்டீங்க. அதான் சொல்லலை. திட்டணும்னா திட்டுங்க."

பகவதி திட்டலை. பக்கத்துல வந்து உக்காந்து என் முந்தானையில மூக்கைத் துடைச்சா, சின்னப்பிள்ளையில செஞ்ச மாதிரி. "எழுபது வயசுன்னு வேற சொன்னியே, மூதி"ன்னா. அக்காவைப் பாத்து மூதின்னு சொல்லுதா! சொல்லிட்டுப் போறா.

அப்புறம் கூறை எல்லாம் கலைச்சுப் புதுசா வச்சேன், எடைக்கு எடை, மதிப்புக்கு மதிப்பு. பகவதி எடுத்தா, சங்கரன் எடுத்தான், மிஞ்சினதை நான் எடுத்தேன். முப்பத்தொன்பதைத் தனியா வச்சோம்.

ஜனவரி 18, சனி

பகவதியும் வீட்டுக்காரரும் நேத்தே கிளம்பிட்டாங்க. சங்கரன் இருந்தான். "லீவு இருக்கா?"ன்னதுக்கு இருக்குன்னான். பதினோரு மணிக்கு ரெண்டு பேரும் பின்கட்டுல காபி குடிச்சுக்கிட்டிருந்தோம்.

"ஏலே, ஒண்ணு கேக்கேன். நீதான் ராவினன்னு உனக்குத் தெரியும். பிறகு எதுக்குத் தினம் கூப்பிட்டு நல்லாப் பாரு, நிதானமாப் பாருன்ன?"

டம்ளரை உருட்டிக்கிட்டே இருந்தான். "கம்பெனி மூடி ஒம்போது மாசம் ஆச்சுக்கா. சாந்தாவுக்குத் தெரியும், வேற யாருக்கும் சொல்லலை. காலையில சட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்புவேன். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில உக்காருவேன். பதினோரு மணி வரைக்கும் எப்படியோ ஓடிரும். அதுக்குமேல எனக்குப் போக இடமில்லை. உன்கிட்ட சும்மா கூப்பிட்டா, என்னலே விஷயம்னு கேப்ப. சொல்ல விஷயம் வேணும்லா."

இன்னொரு காபி போட்டுக் கொடுத்தேன். சீனி கூடிப்போச்சு. குடிச்சான்.

சாயங்காலம் ஓசூருக்குக் கிளம்பினான். திங்கக்கிழமை ஒரு இடத்துல வேலை விஷயமா வரச் சொல்லியிருக்காங்களாம். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

ஜனவரி 19, ஞாயிறு

வீடு பெருக்கினேன். பாயை மடிச்சேன். டம்ளர் ஒண்ணு.

கூடத்து அலமாரியில சங்கரனோட மஞ்சப்பை இருந்தது. அவன் கூறு இருபத்தெட்டுக் காசும் அதுல அப்படியே இருக்கு. மறந்துட்டானே மடையன்னு மேஜையைத் திறந்து பாத்தேன். தனியா வச்ச முப்பத்தொன்பது இல்லை. டிக்கெட்டும் இல்லை.

ஜனவரி 21, செவ்வாய்

நேத்து பூரா போன் அடிக்கலை. வேலை விஷயமாப் போயிருப்பான்னு இருந்துட்டேன். இன்னைக்கு பதினோரு மணி. அடிச்சது.

"யக்கா, வேலை இன்னும் முடிவாகலை, வரச் சொல்லியிருக்கான். அது கிடக்கட்டும். என் கூறை அங்கேயே விட்டுட்டு வந்துட்டேன்லா?"

"பாத்தேன். பார்சல் போடட்டுமா? இல்லை, பாய்கிட்ட வித்துப் பணத்தை அனுப்பவா?"

"ரெண்டும் வேண்டாம். விக்கிறப்போ விக்கலாம். ஒவ்வொண்ணா எடுத்து, எவ்வளவு பெறும்னு மறுபடி பாத்துச் சொல்லு. எனக்கு அந்த எடை மேல நம்பிக்கை இல்லை."

"என் எடை மேல நம்பிக்கை இல்லையா? லேய், முப்பத்தாறு வருஷம் லேப்ல இருந்தவ நான்!"

"அதான் சொல்லுதேன். நிதானமாப் பாரு."

"நிதானமாப் பாத்தா ஒரு நாளைக்கு ஒண்ணுதான் பாக்க முடியும். என் கூறையும் மறுபடி பாக்கணும்னா மாசக்கணக்குல ஆகும்."

"ஆகட்டும்"னான்.

வெயில் நல்லா அடிக்குது. தராசைத் துடைச்சு மேஜையில வச்சேன். முதல் காசு, 1917, தென்காசி. எடை அதேதான் இருக்கு. நாளைக்கு அவன் கேட்டா, சந்தேகமா இருக்கு, இன்னொரு தடவை போடணும்னு சொல்லணும்.